பிளானில் இல்லாத பாதை

1

இடது முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, நகர்ந்து நகர்ந்து ஓடுகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பத்திரிகை அலுவலகத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். எப்படி அடிபட்டது என்று கேட்டால், ஓடும்போது விழுந்துவிட்டேன் என்று சொல்லலாம். திருச்சியில் படித்த காலத்தில் நான் எண்ணூறு மீட்டர் ஓடியவள் என்று தெரிந்தவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் இது பந்தயத்துக்கு ஓடிய ஓட்டம் கிடையாது. பயத்தில் ஓடினேன். சொன்னால் வெட்கம், இருந்தாலும் சொல்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பாயா ரும்புட் வீட்டையும் வாசலில் நிற்கும் காரையும் பார்த்துவிட்டு, "உனக்கென்னம்மா குறைச்சல்" என்கிறார்கள். குறைச்சல் ஒன்றும் இல்லை. பயம்தான் கூடுதல். வந்த புதிதில் லிப்டுக்குப் பயம், மலாய் பேசப் பயம், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் என் பெயரைக் கூப்பிட்டால் பயம். முதல் வாரம் மெர்லிமாவ் தோட்டத்து வீட்டில் மாமியார் விடியற்காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு "மரம் வெட்டப் போறேன்" என்று கிளம்பினார். ஐயோ, இந்த வயசில் இந்த அம்மாளை விறகு வெட்ட விட்டிருக்கிறார்களே என்று நான் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கப் போனேன். ரப்பர் மரத்தில் பால் எடுப்பதற்கு இங்கே மரம் வெட்டுவது என்று பெயர். அந்தத் தோட்டம் முழுக்க ஒரு மாதம் என்னைச் சொல்லிச் சிரித்தது.

அந்தப் பயங்கள் எல்லாம் ஒன்றொன்றாகப் போய்விட்டன. போகாதது ஒன்று. குடியுரிமை உள்ளவர்களுக்கு இங்கே நீல நிற அடையாள அட்டை. தங்க மட்டும் அனுமதி உள்ள என்னைப் போன்றவர்களுக்குச் சிவப்பு. நீலத்துக்கு மனுப் போட்டு, நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறேன். என் கணவர் மணியம் இங்கேயே பிறந்தவர், திருச்சிக்குப் படிக்க வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டவர். அவர் தினமும் ஒரு தடவையாவது, இந்த ஊர் 'லா'வையும் ஒட்டிக்கொண்டு, சொல்வார்: "செல்வி, சிவப்பு ஐ.சி.லா நீ. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. நீலம் கையில வந்த பெறகு யாரோட வேணும்னாலும் சண்டை போடு."

நானும் சும்மாதான் இருந்தேன். இருபது வருஷம் சும்மா இருந்த வாய் போன மாதம் திறந்துகொண்டது.

2

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் கல்லூரியில். சீக்கிரமே பல்கலைக்கழகம் ஆகப் போகிறது என்று எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். எண்ணெய் எடுக்கிற பழைய செம்பனைத் தோட்டம் ஒன்றில் பாதியை வாங்கி வளாகம் எழுப்பியிருக்கிறார்கள். மீதிப் பாதி இன்னும் தோட்டக் கம்பெனியிடம். விளையாட்டுப் பிரிவில் உதவியாளர் வேலை எனக்கு. பந்துகளை எண்ணுவது, வலைக்குத் தையல் போடுவது, கூட்டம் நடந்தால் குறிப்பெடுப்பது. ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள்.

புதிய விளையாட்டு மையத்துக்கான திட்டக் குழு கூடியபோதும் குறிப்பெடுக்கத்தான் போனேன். மேஜை முழுக்கப் பெரிய வரைபடம். பிளான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். எட்டுத் தடங்கள் உள்ள ஓடுதளம், நீச்சல் குளம், பேட்மிண்டன் கூடம், கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சி அறை, குளிக்க, உடை மாற்ற இடம். ஓடினவள் இல்லையா நான்? அந்த ஓடுதளத்தின் வளைவுக் கோட்டைப் பார்த்தபோது கால் இரண்டும் குறுகுறுத்தது உண்மை.

குழுவின் தலைவர் சிவஞானம் ஐயா. அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், ஒல்லியாக, குள்ளமாக இருப்பார், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டும்தான். என்னை "மிஸஸ் மணியம்" என்பார். கெட்டவர் கிடையாது. ஆனால் அவர் போட்ட கோட்டை யாராவது தொட்டால் முகம் சுண்டிப்போகும்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் வளாகத்தின் கடைசி மூலை. தரை மட்டமாக இருக்கிறது, மண் வெட்டிச் சமன் செய்ய வேண்டியதில்லை, நெடுஞ்சாலைப் பக்கம் என்பதால் வெளியாட்களும் காரில் வந்து போகலாம். அங்கேதான் இப்போதும் தற்காலிகமாக ஒரு திடலும் தகரக் கூரை போட்ட பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. அதற்குப் போக வளாகத்தைச் சுற்றி ஒரு தார்ச் சாலை, இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள். பிளானில் அழகாகப் போட்டிருந்தார்கள்.

அந்தச் சாலையில் நடந்து போகிறவர்கள் யாரும் இல்லை. சுற்றிப் போக அரைமணி நேரம் ஆகும். பஸ் நிறுத்தமும் பெண்கள் விடுதியும் வளாகத்தின் இந்தக் கோடியில். காரும் மோட்டார் சைக்கிளும் இல்லாத பிள்ளைகள் நடுவில் உள்ள செம்பனைக் காட்டுக்குள் புகுந்து, பழைய லோரித் தடத்தில் குறுக்கே போகிறார்கள். அந்தத் தடம் தோட்டக் கம்பெனியின் நிலம். விளக்குப் போட நமக்கு உரிமை இல்லை. நமக்கு உரிமை இல்லாததால் பிளானிலும் இல்லை. அந்த இடத்தில் வெறும் பச்சைப் பென்சிலைத் தேய்த்து விட்டிருந்தார்கள்.

செம்பனை மரத்தை ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். பகலிலேயே உள்ளே வெளிச்சம் மங்கல். மட்டைகள் தாழ்ந்து தொங்கும், வரிசை வரிசையாக எல்லா மரமும் ஒன்றுபோல நிற்கும். ஒரு மரத்துக்குப் பின்னால் ஆள் நின்றால் நமக்குத் தெரியாது.

அந்தப் பச்சைக்குள்தான் வாரத்தில் மூன்று நாள் என் மகள் நடக்கிறாள்.

3

கயல்விழிக்குப் பத்தொன்பது வயது. இந்தக் கல்லூரியிலேயே முதலாண்டு, வலைப்பந்து அணியில் இருக்கிறாள். என்னிடம் அவள் பேசும் தமிழ் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. "சாப்டியா?" என்றால் "டன் மா." "எங்க போனே?" என்றால் "ஃபிரண்ட்ஸோட உம்பாய் போனேன், மீன் சாப்ட." அதற்கு மேல் ஒரு சொல் வராது. எங்கள் வீட்டில் நான் என் அம்மாவிடம் பொய்யாவது விரிவாகச் சொல்வேன். இவள் உண்மையைக்கூடத் தந்தி மாதிரி சொல்கிறாள்.

ஒரு நாள் அவள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு ஹெல்மெட் கிடந்தது. கறுப்பு, முகம் முழுக்க மறைக்கிற மாதிரி கண்ணாடி வைத்தது. எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் கிடையாது. யாரோ ஒரு பையன் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறாள், வேறென்ன? மெர்லிமாவ் பக்கம் மோட்டாரில் பறக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், உயிர் போனாலும் போகட்டும் என்கிற வேகம்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"இந்தத் தொப்பிக்காரன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அலுப்பாகத்தான் பார்த்தாள். "எவனும் இல்ல மா. ஃபிரண்டோடது," என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. மணியத்திடம் சொன்னால், "இந்த வயசுப் பிள்ளைங்கலா, நீ போட்டு நோண்டாத," என்றார். எனக்கானால் தூக்கம் போச்சு.

4

அந்த வாரத்தில்தான் விழுந்தேன்.

மறுநாள் வெளியூர் அணி ஒன்று வருவதாக இருந்தது, பயிற்சிக் கூடத்துச் சாவியைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். போகும்போது அலுவலகக் காரில் போனேன். திரும்ப கார் இல்லை. ஏழு மணி தாண்டிவிட்டது. இங்கே அது வெளிச்சமும் இருட்டும் கலந்த நேரம், தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். சுற்றுச் சாலையில் போனால் பஸ் போய்விடும். எல்லாப் பிள்ளைகளும் போகிறார்களே, நானும் போகிறேன் என்று குறுக்குத் தடத்தில் இறங்கிவிட்டேன்.

ஒரு நூறு அடி போவதற்குள் ஏன் இறங்கினோம் என்றாகிவிட்டது. பின்னால் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் நின்றால் அதுவும் அடங்குகிறது. நடந்தால் மறுபடி கேட்கிறது. என் மனப்பிரமையோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அப்போது முன்னால், மங்கலில், ஒரு பெண் பிள்ளை போவது தெரிந்தது. துப்பட்டாவும் தோள்பையும். அப்பாடா, துணை கிடைத்தது என்று உயிர் வந்தது. "ஏம்மா! பொண்ணே! நில்லும்மா!" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

அவள் திரும்பவில்லை. நடையை எட்டிப் போட்டாள். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் வேகமாகப் போனேன். அவள் ஓட ஆரம்பித்தாள். அவள் ஓடியதைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். நானும் ஓடினேன். அவள் "முருகா முருகா" என்று கத்திக்கொண்டு ஓட, நான் "நில்லுடி நில்லுடி" என்று கத்திக்கொண்டு ஓட, தோட்டத்துக் கால்வாய் வந்த இடத்தில் அவள் தாண்டிவிட்டாள். நான் தாண்டவில்லை. முழங்கை கல்லில் பட்டு, இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, "அம்மா" என்று அலறினேன்.

அந்த அலறலுக்குத்தான் அவள் நின்றாள். கிட்டே வராமலே கேட்டாள்: "யாரு? மனுசங்களா?"

"மனுசிதான்டி! விளையாட்டுப் பிரிவு செல்வி அக்கா!"

சாந்தி என்று பெயர். மெர்லிமாவ் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள். சேற்றில் இறங்கி என்னைத் தூக்கிவிட்டாள்.

"ஏன்கா ஒரு தடவ மட்டும் கூப்ட்டீங்க? மூணு தடவ கூப்ட்டுருந்தா நின்னுருப்பேன்ல!"

தலையில் அடித்துக்கொண்டேன். விளக்கு வைத்த நேரத்தில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் தோட்டத்து ஆட்கள் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துவது மனுசக் குரல் இல்லை என்பது கணக்கு. எங்கள் வீட்டிலேயே மணியம், பட்டப்படிப்புப் படித்த மனுஷர், பொழுது சாய்ந்து குளியலறையிலிருந்து நான் சோப்பு கேட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் அசைவார். இத்தனை வருஷம் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்தவள் நான். அந்த இடத்தில் மறந்துபோனேன். போதாததற்குக் கூப்பிட்ட கையோடு துரத்தவும் செய்திருக்கிறேன்.

இரண்டு பேரும் சேறோடு உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "பேய்க்குக்கூட அவ்ளோ பயம் இல்லக்கா. பேய் மோட்டார்ல வராது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கைப் போடாமல் பின்னாலேயே வருவானாம் ஒருத்தன். யாரென்று தெரியாது, ஒருத்தனா இரண்டு பேரா என்றும் தெரியாது. ஒரு பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இன்னொருத்தி அழுதுகொண்டே விடுதிக்கு வந்தவள், என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை, பயிற்சிக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதனால் பிள்ளைகள் முறை வைத்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். மோட்டாருக்குப் போட அல்ல, நடக்கத்தான். முகம் தெரியாது, தலைமுடி தெரியாது, தூரத்திலிருந்து பார்த்தால் ஆம்பிளை மாதிரி இருக்கும். "இன்னிக்கு என் முறை இல்லக்கா, கயல்கிட்ட இருக்கு," என்றாள்.

எனக்கு முழங்கை வலி மறந்துபோனது.

5

அன்று வீட்டில் கயலை உட்கார வைத்துக் கேட்டேன். ஏன்டி சொல்லவில்லை?

"சொன்னா நீ நெட்பாலை நிறுத்திடுவ, மா."

உண்மைதான். நிறுத்தியிருப்பேன். சரி, நிறுத்த மாட்டேன் என்று சொன்னேன்.

திருச்சியில் நான் பயிற்சிக்குப் போன காலத்தில் என் அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். மைதானத்துக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்து வைத்து நிற்பான். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் என் அரைக்கால் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கண்களிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் கடல் தாண்டி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இங்கே யாரும் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அண்ணன் காவலை மகளுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மணியம் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "போலீஸ்ல சொல்லுவோம். மீட்டிங்ல மட்டும் நீ பேசாத. சிவஞானம் பிளான் அது. அவரு ஒரு வார்த்தை எழுதிட்டா உன் கான்ட்ராக்ட் போச்சு, நேர்காணல்ல வேலை எங்கன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

போலீசுக்குப் போனோம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெயர் தெரியுமா, வண்டி நம்பர் தெரியுமா, என்ன செய்தான்? பின்னால் வந்தான் என்றேன். சாலையில் பின்னால் வருவது குற்றம் இல்லையே அம்மா என்றார்கள். புகாரை எழுதிக்கொள்ளவில்லை.

6

குழுவின் அடுத்த கூட்டத்தில் இடத்தை முடிவு செய்து கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்குப் பிறகு மண்வேலை ஆரம்பித்துவிடும். இருபது வருஷத்துக்குப் பிள்ளைகள் அந்தச் செம்பனைக்குள்தான் நடக்க வேண்டும்.

கட்டுப் போட்ட கையோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "வேறு ஏதாவது?" என்று சிவஞானம் ஐயா கோப்பை மூடினார். நான் எழுந்து நின்றேன். மலாயில் ஆரம்பித்தேன், பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவினேன், இரண்டும் சேர்ந்து என்னைக் கைவிட்டன. கடைசியில் பிளானில் அந்தப் பச்சைத் தேய்ப்பின் மேல் விரலை வைத்து, இங்கே ஒரு பாதை இருக்கிறது, பெண் பிள்ளைகள் அதில் நடக்கிறார்கள், பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன், மையத்தை விடுதிப் பக்கம் மேட்டில் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"புகார் ஏதாவது பதிவாகியிருக்கிறதா?" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"இல்லை, சார்."

"அது நம் நிலமும் இல்லை, நம் பாதையும் இல்லை, மிஸஸ் மணியம். நாம் போட்ட பாதையில் விளக்கு இருக்கிறது."

பாதுகாப்பு அதிகாரி என் பேச்சை ரொம்பக் கவலையோடு கேட்டார். பாவம், உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார். "அப்படியென்றால் பெண்களுக்குப் பயிற்சி ஆறு மணி வரைக்கும் மட்டும் என்று விதி போட்டுவிடலாம். பிரச்சினை தீர்ந்தது," என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வகுப்பு முடிவதே ஐந்தரைக்கு. பிள்ளைகளுக்காகப் பேசப் போய், பிள்ளைகளிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிக் கொடுக்கிறேனே என்று தோன்றியது. குறிப்பில் அதையும் நான்தான் எழுத வேண்டும்.

பயம் தலைக்கு மேல் போய்விட்டால் ஒரு கிறுக்குத் தைரியம் வரும். "சார், நீங்க எல்லாரும் ஒரு தடவ நடந்து பாருங்க. இன்னிக்கே. ஏழு மணிக்கு," என்றேன், தமிழில்.

சிவஞானம் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். பயந்த பெண்ணைச் சமாதானப்படுத்தும் முகத்தோடு, "சரி, போய்ப் பார்ப்போம்," என்றார்.

"ஒண்ணாப் போனா பயம் தெரியாது சார். பிள்ளைங்க கமிட்டியா வர்றதில்ல. ஒவ்வொருத்தராப் போகணும்."

7

சாயங்காலம் தூறல் போட்டது. பஸ் நிறுத்தத்தில் நாங்கள் கூடி நின்றோம். பயிற்சிக் கூடத்தில் ஆட்களை இறக்கிவிட்டால் தடத்தின் வழியாக நடந்து எங்களிடம் வந்து சேர வேண்டும், அதுதான் ஏற்பாடு. யார் முதலில் என்றபோதுதான் வேடிக்கை. கணக்கு அதிகாரிக்குக் காலில் போட்டிருந்த சப்பாத்து புதுசு. கோலாலம்பூரிலிருந்து வந்த இளம் கட்டடக் கலைஞருக்குப் பாம்பு என்றால் ஒவ்வாது. மாணவர் விவகார அதிகாரிக்குத் தொழுகை நேரம், அது நியாயம். பாதுகாப்பு அதிகாரி, தான் இங்கே நின்று வாகனங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"நான் போறன்," என்றார் சிவஞானம் ஐயா. அவர் வாயிலிருந்து தமிழ் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். குடை கொண்டுவரவில்லை. என் குடையை நீட்டினேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது, ரோஸ் நிறம், ஓரமெல்லாம் பூ. ஒரு கணம் தயங்கினார். தூறல் வலுத்ததும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

கார் அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் தடத்தின் வாயைப் பார்த்தபடி நின்றோம். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. நடந்தால் பத்து நிமிஷம் ஆகிற வழி. அதைத் தாண்டியும் ஆளைக் காணோம். வயசான மனுஷர், கால்வாய் வேறு இருக்கிறதே, விழுந்துவிட்டால்? நான்தானே அனுப்பினேன்? நீல அட்டை, ஒப்பந்தம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு, அட்டை கிடக்கட்டும், அந்த மனுஷர் உயிரோடு வந்தால் போதும் முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தார். குடையை மடக்காமல், ஆனால் தலைக்கு மேல் பிடிக்காமல், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டார்கள். அவர் என்னிடம்தான் பேசினார்.

"ஒரு மோட்டார்சைக்கிள் பின்னால வந்தது, பிள்ளை. லைட் இல்லை. நான் நிண்டா அதுவும் நிக்குது. நான் பகிடி எண்டு நினைச்சன். பிறகு பக்கத்தில கொண்டுவந்து, குடைக்குக் கீழ குனிஞ்சு என்ர முகத்தைப் பாத்தான்."

"அப்புறம் சார்?"

"'சாரி, அங்கிள்' எண்டான்." அவர் குடையை மடக்கினார். "மரியாதையாச் சொன்னான். என்னட்ட மன்னிப்புக் கேட்டவன், பிள்ளை. என்னட்ட."

அவன் தேடி வந்தது இந்த முகத்தை இல்லை. அதுவரை, இதெல்லாம் என் மனப்பிரமையாகவும் இருக்கலாம் என்று எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலும் போய்விட்டது.

"எங்க சார் போனான்?"

"திருப்பிக்கொண்டு போயிட்டான். ஹோல் பக்கமா, பயிற்சிக் கூடத்துக்கு."

பயிற்சி முடிகிற நேரம். கயலுக்கு இன்றைக்குப் பயிற்சி நாள். காலையிலிருந்து கூட்டம், கூட்டம் என்று இருந்ததில் அது என் புத்தியில் இல்லாமல் போய்விட்டது. "சார், என் பொண்ணு உங்களுக்குப் பின்னால வந்துகிட்டிருப்பா," என்றேன். சொல்லி முடிக்கும்போதே தடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

கட்டுப் போட்ட கை, நனைந்த சேலை, நாற்பதைத் தாண்டிய வயசு. எப்படி ஓடினேன் என்று தெரியாது. "கயல்! கயல்! கயல்!" என்று நிறுத்தாமல் கத்தினேன். எனக்குப் பின்னால் தப் தப்பென்று காலடிகள். தனியாக வர முடியாது என்ற அத்தனை பேரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், புதுச் சப்பாத்துக்காரரும் உட்பட.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். ஹெல்மெட் முறை அன்றைக்கு வேறொருத்திக்கு. தனியாக, ஒரு மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையில் ஒரு கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு. எங்கள் சத்தம் கேட்டதும்தான் அந்த மோட்டார் திரும்பிப் போனதாம். கல்லை அவள் கையிலிருந்து எடுக்க முடியவில்லை, விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரி, "அம்மா," என்றாள். நான் சத்தம் போட்டு அழுதேன்.

சிவஞானம் ஐயா கடைசியாக வந்து சேர்ந்தார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். நிமிர முடியவில்லை. குனிந்தபடியே கயலைப் பார்த்துச் சொன்னார்:

"பிளான் பிழை, மகள். நான் கீறின பிளான் பிழை."